நிறுத்தும் பொத்தான் இல்லாத பெட்டி

1. மிக்ஸர் மேல் எதையும் வைக்கக் கூடாது

எங்கள் ஒலிப்பதிவு ஸ்டுடியோவில், குரல்களைக் கலக்கும் மிக்ஸர் பலகை மேல் எதையும் வைக்கக் கூடாது. டீ டம்ளர், கைபேசி, பாட்டுத் தாள் என்று எதுவாக இருந்தாலும் சரி. வைத்தவர் எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும் நான் எடுத்துத் தரையில் வைத்துவிடுவேன். அதனால் எனக்கு சிடுமூஞ்சி ஆரோக்கியம் என்று பெயர். பெயர் பொருத்தமானதுதான். காலமெல்லாம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் இருமலையும் செருமலையும் கேட்டு வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேறு எப்படி முகம் இருக்கும்?

முதலில் ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி டவுனுக்குள்ளே, பழைய வீடொன்றின் பின்கட்டில் இருந்தது. முதலாளியை எல்லோரும் மிசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பாட்டுப் பைத்தியத்தில் இந்த ஸ்டுடியோவை ஆரம்பித்தார். கோயில் பாட்டு, தேர்தல் பிரச்சாரம், நகைக்கடை விளம்பரம், மாதா கோயில் ஜெபமாலை என்று எல்லாம் எடுத்தோம். நான் முதலியார்பேட்டைக்காரன். மைக்செட் கட்டுகிற வேலையில் தொடங்கி இங்கே வந்து சேர்ந்தேன். ரெக்கார்டிஸ்ட், எடிட்டர், மெக்கானிக் மூன்றும் நானே.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு நாள், ஜோயல் என்று ஒரு பிரதர் வந்து சிறிய பெட்டியொன்றை மிக்ஸர் மேல் வைத்தார். நான் அதை எடுத்துத் தரையில் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கடைசி வரைக்கும் பிடித்துத்தான் இருந்தது. அவரைக் கெட்டவராக நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம்.

ஜோயல் ஓர் ஊழிய அமைப்பைச் சேர்ந்தவர். அந்த அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். அவர் கொண்டுவந்தது ஒரு ஒலிப்பெட்டி. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. மேலே சோலார் தகடு, முன்னால் ஸ்பீக்கர். வெயில் பட்டதும் தானே பேச ஆரம்பிக்கும். கடலுக்கு அப்பால் ஒரு தீவின் காட்டில், வெளியாட்கள் யாரையும் கிட்டே சேர்க்காத ஒரு சிறிய கூட்டம் வாழ்கிறது. அவர்களுடைய மொழியில் இயேசுவின் கதையை எடுத்து இந்தப் பெட்டிகளில் ஏற்றி, கரையோர மரங்களில் தொங்கவிட வேண்டும். இதுதான் திட்டம்.

மிசியே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அங்கல்லாம் யாரும் போவக் கூடாதுன்னு சட்டம் இருக்குதே தம்பி. நாளைக்கு போலீஸ் வந்து என் வாசல்ல நிக்கக் கூடாது, பாத்துக்க."

"நாம யாரும் அவங்ககிட்ட போகப் போறதில்ல மிசியே," என்றார் ஜோயல். "நாம போனா நம்ம சளி, இருமல் எல்லாம் கூடவே போவும். அவங்களுக்கு அதத் தாங்குற சக்தி கிடையாது. ஒரு காய்ச்சல்ல மொத்தக் கூட்டமும் போயிடும். அது எனக்கும் தெரியும். அதனாலதான் ஆள் போகாம குரல மட்டும் அனுப்பறோம். குரல்ல கிருமி இல்ல பாருங்க."

கரைக்குப் பெட்டியைக் கொண்டுபோகிறவனும் ஆள்தானே என்று மிசியே கேட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்து வெளிக்கரையில் மாட்டிவிட்டு வந்துவிடுவார்கள் என்றார் ஜோயல். மிசியே முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். எனக்கோ குரலில் கிருமி இல்லை என்ற பேச்சு நன்றாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

2. ரோஸ்லினின் குரல்

அந்த மொழி பேச ஆள் வேண்டுமே, அதற்கு ரோஸ்லின் இருந்தார். மூலக்குளத்தில் குடியிருந்தார். ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். இரண்டு பிள்ளைகள்.

அவர் அந்தத் தீவில் பிறந்தவர். பதினொன்றோ பன்னிரண்டோ வயதில் காலில் பெரிய புண்ணும் காய்ச்சலுமாகக் கரையில் கிடந்தவரை, யாரோ படகில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்துக்கொண்டார். திரும்பக் கொண்டுபோய் விடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. கன்னியர் விடுதி, பள்ளிக்கூடம், ஞானஸ்நானம், புதுப் பெயர், பிறகு கல்யாணம் என்று வாழ்க்கை இந்தப் பக்கமாகவே ஓடிவிட்டது.

"பாஷ மறந்து போவலயாம்மா?" என்று கேட்டேன்.

"துணி அலசறப்ப தனியாத்தான இருப்பேன். அப்ப பேசிக்கிட்டே இருப்பேண்ணே. மிஷின் ஓடற சத்தத்துல யாருக்கும் கேக்காது."

ஜோயலின் சபைக்குத்தான் அவரும் போய்வந்தார். வற்புறுத்தி அழைத்து வந்ததாகத் தெரியவில்லை. அவருக்கும் ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தான் பாடுகிற பாட்டையும் கேட்கிற கதையையும் தன் சனங்களும் கேட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

வேலை செய்த விதம் இதுதான். ரோஸ்லின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத பூத் அறையில் மைக் முன்னால் உட்காருவார். ஜோயல் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும், பூத்துக்குள் கேட்கிற டாக்-பேக் மைக்கில் தமிழில் சொல்லுவார். ரோஸ்லின் கொஞ்ச நேரம் யோசித்து அதைத் தன் மொழியில் சொல்லுவார். நான் அதை ஒரு டேக்காகப் பதிவு செய்துகொள்வேன்.

முதல் இரண்டு சனிக்கிழமையும் எடுத்தது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கீச்சுக் குரல். மூக்கால் பேசுகிற மாதிரி இருந்தது. டீ குடிக்கும்போது அவர் பேசுகிற குரல் வேறு, மைக் முன்னால் வருகிற குரல் வேறு. புதிதாக மைக் முன்னால் உட்காருகிறவர்களுக்குத் தொண்டை இறுகிவிடும், எனக்குத் தெரியும். பஞ்சாயத்துத் தேர்தலில் நின்ற பெரிய மீசைக்காரர்கள்கூட என் பூத்துக்குள் வந்து கீச்சென்று பேசியிருக்கிறார்கள். அந்த இறுக்கத்தைத் தளர்த்தி உள்ளே இருக்கிற சொந்தக் குரலை வெளியே வரவைப்பதில் எனக்கு ஊரில் பேர் உண்டு. இந்தத் தொழிலில் நான் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

மூன்றாவது சனிக்கிழமை ஜோயலைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னேன். மைக்கை ரோஸ்லின் முகத்துக்கு நேராக இல்லாமல் ஓரமாகத் திருப்பி வைத்தேன்.

"ரோஸ்லினு, வரிய உடு. துணி அலசறப்ப இன்னா பேசிக்குவே, அதப் பேசு. சும்மா லெவல் பாக்கறேன்."

முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தார். குரல் இறங்கியது. தடிமனான, அடித்தொண்டையிலிருந்து வருகிற, கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. நான் ரெக்கார்ட் போட்டுவிட்டேன். முடிந்ததும் டாக்-பேக்கில், "இதுதாம்மா உன் குரலு. இனிமே இப்படியே பேசு. கேட்டுப் பாரு," என்று சொல்லி பிளேபேக் கொடுத்தேன்.

ரோஸ்லின் கேட்டார். பாதியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து சுவரோரம் நின்றார்.

"இது எங்க அம்மா கொரலு," என்றார்.

"உன் குரல்தாம்மா. நான்தான எடுத்தேன்."

"ரெண்டும் ஒன்னுதாண்ணே. அதனாலதான் மாத்திப் பேசிக்கிட்டு இருந்தேன். யாரு பேசறதுன்னு தெரியக் கூடாதுன்னு."

3. கடல் தாண்டினவர்கள்

நாங்கள் மூவரும் முற்றத்துப் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்தோம். ரோஸ்லின் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"எங்க ஆளுங்களுக்கு, கடல் தாண்டிப் போனவங்க செத்தவங்க. என்னைய படகுல தூக்கிப் போட்டப்பவே எங்க அம்மா மண்ணு பூசிக்கிட்டு அழுதிருக்கும். அழுது முடிச்சிட்டா அப்புறம் அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்க. அவங்களப் போல பேசிக் காட்ட மாட்டாங்க. செத்தவங்க கொரல் கேட்ட எடத்துல யாரும் இருக்க மாட்டாங்க. எனக்கு முன்னாடி எங்க மாமா ஒருத்தரப் படகுக்காரங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. அவருக்கும் அழுது முடிச்சாச்சு. அப்புறம் ஒரு மழக்காலம், ஓடைப் பக்கத்துலேருந்து அவரு கூப்புடற மாதிரி ஒரு சத்தம். பறவயா இருக்கும், இன்னாவோ. யாரும் போயிப் பாக்கல. அப்பவே கெளம்பிட்டோம். நல்ல தண்ணி அங்கதான் இருக்குது. கெழங்கும் அங்கதான். எல்லாத்தையும் உட்டுட்டு மழயில நடந்தோம். எனக்கு ஒரு தம்பி, கைக்கொழந்த. அந்த நடயில போயிட்டான்."

ஜோயல் ரோஸ்லின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அதனாலதான் சிஸ்டர் அவங்களுக்கு இந்தச் செய்தி வேணும். செத்தவங்களப் பாத்துப் பயப்படத் தேவையில்லன்னு சொல்றதுக்குத்தான ஆண்டவர் வந்தாரு. அந்தப் பயம் போயிட்டா அடுத்த தம்பி மழையில சாக மாட்டான்."

இதை அவர் வாதத்துக்காகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ரோஸ்லின், "நானும் அப்படி நெனச்சித்தான் பிரதர் ஒத்துக்கிட்டேன்," என்றார். "ஆனா கதையக் கேக்கணும்னா மொதல்ல உக்காரணும் இல்ல? அவங்க உக்கார மாட்டாங்க. ஓடிடுவாங்க."

ஜோயல் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, கம்ப்யூட்டர்ல குரல மாத்தலாமில்ல?"

மாற்றலாம். பிட்ச் என்கிற சுருதியை ஏற்றி இறக்கினால் யார் குரலென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. உள்ளே போய் ரோஸ்லின் பேசிய ஒரு வரியை எடுத்து, சுருதியை இறக்கி, ஆண் குரல் மாதிரி ஆக்கிக் காட்டினேன். ரோஸ்லினுக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"இது யாருண்ணே?"

"யாருமில்லம்மா. கம்ப்யூட்டர் செஞ்சது."

"எங்க சனத்துல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. தெரியாத ஆளு ஒருத்தரும் எங்க பாஷ பேசுனது கெடயாது. யாருமே இல்லாத ஒருத்தரு மரத்து மேலேருந்து பேசுனா, செத்தவங்க பேசறத உட அது பயமா இருக்கும்." தரையில் இருந்த பெட்டியைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பிரதர், இத நிறுத்தறது எப்படி?"

அதில் நிறுத்தும் பொத்தான் கிடையாது. அதுவரைக்கும் நானும் கவனிக்கவில்லை. எத்தனையோ ஆம்ப்ளிஃபையரைப் பிரித்து மாட்டியவன், பெட்டியின் ஸ்பீக்கர் அளவைக் கேட்டேன், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

ஜோயல் விளக்கினார். முன்பு வந்த பெட்டிகளில் பொத்தான் இருந்ததாம். வேறொரு மலைப்பகுதியில் கொடுத்தபோது, தெரியாமல் அழுத்தி நிறுத்திவிட்டு, கெட்டுப்போயிற்று என்று தூக்கி எறிந்தார்களாம். அதனால் இந்த மாடலில் பொத்தானை எடுத்துவிட்டார்கள். வெயில் இருக்கிற வரை பேசும், மழையில் நனையாது, கீழே விழுந்தாலும் உடையாது. பொருளாகப் பார்த்தால் நல்ல வேலைப்பாடுதான்.

4. நாங்கள் போட்ட சண்டை

ரோஸ்லின் வீட்டுக்குப் போனபிறகு நானும் ஜோயலும் வாக்குவாதம் செய்தோம். சண்டை என்றே சொல்லலாம்.

"அண்ணே, நீங்களும் கிறிஸ்தவர்தான். யாரோ கடல் தாண்டி இந்த ஊருக்கு வரலன்னா உங்க வூட்டுல இன்னிக்கு மாதா படம் இருக்குமா? அவங்க வந்தது சரி, நாங்க போறது மட்டும் தப்பா?"

என் முப்பாட்டன் காலத்தில் எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்தது. பிரெஞ்சுச் சாமியார் வந்து சொன்னார், இவர்கள் சேர்ந்தார்கள். அதனால் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, எழுத்து கிடைத்தது. நான் அதற்கு நன்றி கெட்டவன் இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் சாமியார் சொன்னதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டவர்களும் இல்லை. கோயிலுக்குள் எங்களைத் தனியாக ஓரத்தில் உட்காரச் சொன்னபோது வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறார்கள். பூசைக்கு வரமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, சமாதானமாகித் திரும்பி வந்தவர்களும் உண்டு. வந்தவர் முகம் எதிரே இருந்தது, அவரோடு சண்டை போட முடிந்தது.

இதைத்தான் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். மைக்செட் காலத்து அனுபவம் ஒன்றையும் சொன்னேன். வீராம்பட்டினம் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். ஒரு மீனவர் நேராக என்னிடம் வந்து, "எங்க ஊட்டுல பச்ச ஒடம்புக்காரி படுத்திருக்குது. குழாய அந்தாண்ட திருப்புறியா, நான் திருப்பவா?" என்று கேட்டார். நான் உடனே ஏறித் திருப்பிவிட்டேன். அம்மன் பாட்டுதான், அவருடைய அம்மன்தான். இருந்தாலும் வந்து கேட்க அவருக்கு உரிமை இருந்தது, கேட்டுக்கொள்ள நான் அங்கே இருந்தேன்.

"உங்க பெட்டிகிட்ட யாரு வந்து கேக்கறது பிரதர்?"

"நல்ல செய்திய யாராவது நிறுத்தச் சொல்லுவாங்களா?"

"நல்லதா கெட்டதான்னு கேக்கறவன்தான சொல்லணும்? நீங்களே முடிவு பண்ணி, பொத்தானையும் புடுங்கிட்டு அனுப்புனா எப்படி?"

ஜோயலுக்கு முகம் சிவந்தது. "கேக்காமலே செத்துப் போறவங்களுக்கு நான் ஆண்டவர்கிட்ட பதில் சொல்லணும்ண்ணே. நீங்க சொல்ல வேணாம். நான் சொல்லணும்," என்றார். கண் கலங்கியிருந்தது. நான் எழுந்து போய் ஸ்டுடியோ விளக்கை அணைத்தேன்.

கிளம்பும்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் நின்றே ரோஸ்லினுக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்டது. "சிஸ்டர், கதைக்கு அப்புறம் கடைசியில உங்க அம்மாவுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க சொந்தக் குரல்ல. நீங்க உயிரோட இருக்கறது தெரிஞ்சா ஏன் பயப்படப் போறாங்க?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பெற்ற தாயைப் பிரிந்த ஒருத்தியிடம் அப்படிச் சொன்னால் அவள் என்ன செய்வாள்? எனக்கு எரிச்சலாக வந்தது. மறுமுனையில் ரோஸ்லின், "வரேன் பிரதர்," என்றார்.

5. பாதாம் மரம்

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே ரோஸ்லின் வந்துவிட்டார். நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

"கதைய அப்புறம் எடுக்கலாம்ண்ணே. மொதல்ல அந்த ஒரு வரிய எடுங்க."

பூத்துக்குள் போனார். குரலை மாற்றவில்லை. ஒரே டேக். நான் அதில் கை வைக்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்று ஜோயல் கேட்டார்.

"'அம்மா, நான் சாவல. கால் ஆறிடுச்சி. எனக்கு ரெண்டு புள்ளைங்க.' அவ்ளோதான்."

பிறகு அவரே கேட்டார். "அந்தப் பொட்டியில போட்டு மரத்துல மாட்டுங்க. எங்க அம்மா கேக்கற மாதிரி நான் தள்ளி நின்னு கேக்கணும்."

ஜோயலுக்கு அதில் மகிழ்ச்சி. மெமரி கார்டில் ஏற்றி, பெட்டிக்குள் சொருகி, அங்கே அனுப்புகிற மாதிரியே மூடியைப் பசை போட்டு ஒட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, முற்றத்துப் பாதாம் மரத்தில் வெயில் படுகிற கிளையாகப் பார்த்து மாட்டினார். ரோஸ்லின் பின்வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய், எதிர்ச் சுவர் ஓரம் மரத்துக்கு முதுகு காட்டி நின்றார்.

பெட்டி பேசியது. ஸ்டுடியோவில் கேட்டதை விட நன்றாக இருந்தது. இலைகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கரகரத்த குரல் தெரு வரைக்கும் போயிற்று. ஒரு தரம் சொல்லி, கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி சொல்லியது. ரோஸ்லின் திரும்பவில்லை. மூன்றாவது தரமோ நான்காவது தரமோ, அவர் தோள் குறுகுவதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும் பிரதர். நிறுத்துங்க."

ஜோயல் ஏணியில் ஏறிப் பெட்டியைக் கழற்றினார். கழற்றினால் நிற்குமா? கையில் இருந்தபடியே பேசியது. துண்டைப் போட்டுத் தகட்டை மூடினார். வெயில் இல்லாவிட்டாலும் பேட்டரியில் சார்ஜ் இருந்ததே, பேசிக்கொண்டே இருந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்து, ஸ்பீக்கர் ஓட்டையை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு முற்றத்தில் நின்றார். அவர் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மந்தமாக ரோஸ்லினின் குரல் தன் தாயைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மிசியே சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து, என்ன ஏது என்று புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இத எப்படியாவது நிறுத்துங்கண்ணே," என்றார் ஜோயல்.

நான் ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தேன். நனையாமல் இருக்க நன்றாக ஒட்டியிருந்தார். மூடியை நெம்பி உடைத்து, பேட்டரி ஒயரைப் பிடுங்கியபிறகுதான் நின்றது. அதுவரைக்கும் எத்தனை தரம் சொல்லியிருக்கும் என்று நான் எண்ணவில்லை.

ஜோயல் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். ரோஸ்லின் வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வேணாம் பிரதர். எங்க அம்மா அழுது முடிச்சிருக்கும். மறுபடி அழ வெக்கக் கூடாது."

"சரி சிஸ்டர்," என்றார் ஜோயல்.

6. எனக்குக் கேட்காத பதிவு

அந்த அமைப்பு பிறகு வேறு வழி பார்த்ததா என்று எனக்குத் தெரியாது. ஜோயல் வேறு வழி தேடவில்லை. இப்போது அவர் நகரத்திலேயே நோயாளிகளைப் பார்த்துவரும் ஊழியம் செய்கிறார். வழியில் பார்த்தால் பேசுவோம். தன் வேதம் பொய் என்று அவர் சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன். பதில் சொல்லவும் மறுக்கவும் நமக்கு வழியில்லாத இடத்திலிருந்து ஆண்டவர் பேசியிருந்தால் தான் அவரை நம்பியிருக்க முடியுமா என்று ஜோயலே ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் எந்த மைக் வாங்கலாம், எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். சொல்கிறேன். அதோடு, எடுக்கிற குரல் யார் காதுக்குப் போகிறது, வேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார் என்று வேலை கொடுக்கிற பார்ட்டியிடம் கேள் என்றும் சொல்கிறேன். பார்ட்டிக்குப் பதில் தெரியவில்லை என்றால் வேலையை ஒத்துக்கொள்ளாதே என்கிறேன். கிழவன் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அன்று நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ரோஸ்லின் கேட்டுக்கொண்டபடி, எடுத்த எல்லா டேக்கையும் அவர் கண் எதிரிலேயே அழித்தேன். லெவல் பார்க்க எடுத்ததையும் அழித்தேன். ஜோயல் கார்டை உடைத்துப் போட்டார்.

"இப்ப எங்கயும் இல்லயாண்ணே?"

"எங்கயும் இல்லம்மா."

"மைக்க நிறுத்திட்டு, நான் கொஞ்சம் உள்ள போயி உக்காரட்டா?"

மைக்கை நிறுத்தினேன். அவர் நம்ப வேண்டுமே என்று ஒயரையும் பிடுங்கிக் காட்டினேன். அவர் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது சத்தம் வெளியே வராத கதவு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் ஜோயலும் உட்கார்ந்திருந்தோம். அவர் வாய் அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. நடுவில் சிரித்தார், கையால் ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினார், அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளையின் உயரத்தைக் காட்டினார். ஜோயல் தலையைக் குனிந்துகொண்டார்.

ரோஸ்லின் உள்ளே என்ன சொன்னார் என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அவர் அதை எனக்குச் சொல்லவில்லை.